அத்தான் படத்தைப் பற்றி நாலு வார்த்தை

அத்தான் வீட்டுக்கு யார் போனாலும் சோபாவில் உட்காருவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். "படத்தைப் பார்த்தீங்களா?"

பார்க்காமல் தப்பிக்க வழியே இல்லை. கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு அது தொங்கியது. ஓர் ஏரி. ஏரித் தண்ணீருக்குள் இலையெல்லாம் உதிர்ந்து நிற்கும் ஒற்றை மரம். பின்னால் வானம் முழுக்க ஆரஞ்சு நிறம், கரை எது தண்ணீர் எது என்று தெரியாத அளவுக்கு ஆரஞ்சு. கீழே மூலையில் அத்தானின் கையெழுத்து, வெள்ளை எழுத்தில், ஒரு சின்னக் கோடு இழுத்து.

வருகிறவர்கள் "அடடா" என்பார்கள். "நீங்களே எடுத்ததா?" என்பார்கள். அத்தான் சோபாவில் சாய்ந்துகொண்டு காலை ஆட்டுவார். அந்தக் கால் ஆடுவதைப் பார்த்தாலே அவர் மனசு எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். அவருடைய மனைவியின் தங்கை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மச்சினிக்குப் புகைப்படப் பைத்தியம் பிடிக்கக் காரணமே அத்தான்தான். தன்னுடைய பழைய கேமராவைக் கொடுத்து, "எலும்பையே படம் பிடிச்சுட்டு இருக்கியே, கொஞ்சம் மரம் மட்டையையும் பிடி" என்று சொல்லி, நூலகத்து மாடியில் மாதம் ஒருமுறை கூடும் புகைப்படக் குழுவுக்கு அழைத்துப்போனவர் அவர். அங்கே எல்லோரும் அவளை எக்ஸ்ரேம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கும் அது பிடித்துப்போயிற்று.

அந்தக் குழுவில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. யார் என்ன படம் கொண்டுவந்தாலும் "சூப்பர்" என்பார்கள். பல் டாக்டர்தான் தலைவர். அவர் புரொஜெக்டரைத் தட்டித் தட்டி ஒவ்வொரு படமாகத் திரையில் போடுவார். பேக்கரிக்காரர் "சூப்பர் சார்" என்பார். நூலகர் கைதட்டுவார். தேநீர் குடிப்பார்கள். எல்லோரும் தாங்கள்தான் ஊரிலேயே பெரிய கலைஞர்கள் என்ற நினைப்போடு படியிறங்கிப் போவார்கள்.

இந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது ஒரு கண்காட்சியால். அக்கம்பக்கத்து ஊர்க் குழுக்களெல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை இயற்கைப் படங்களுக்கென்று நடத்துவது அது. இவர்கள் தலா ஒரு படம் அனுப்பினார்கள். ஒன்றுகூடச் சுவரேறவில்லை. அத்தானின் ஏரி உட்பட எல்லாம் அனுப்பிய உறையிலேயே திரும்பி வந்துவிட்டன.

அடுத்த கூட்டத்தில் பல் டாக்டர் புரொஜெக்டரைப் போடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

"என்கிட்ட வர்றவங்ககிட்ட எல்லாப் பல்லும் சூப்பர்னு சொல்லி அனுப்பினா என்ன ஆகும்?" என்றார். "நாம அதைத்தான் பண்ணிட்டிருக்கோம். இனிமே கூட்டத்துக்கு ஒருத்தர் வாயைத் திறந்து பேசணும். எது நல்லாருக்கு, எது உறுத்துது, அடுத்த தடவை என்ன பண்ணலாம். படத்துல யார் பேரும் இருக்காது. பேசறது படத்தைப் பத்தித்தான், ஆளைப் பத்தி இல்ல."

"யார் முதல்ல?" என்றார் நூலகர்.

எல்லோரும் குனிந்து தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்கள். பல் டாக்டர் எக்ஸ்ரேம்மாவைப் பார்த்தார். "காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் படம் பார்க்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆஸ்பத்திரியில் அவள் தொழிலின் முதல் பாடமே வாயைத் திறக்கக்கூடாது என்பதுதான். படத்தில் எலும்பு இரண்டாகக் கிடப்பது அவள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். நோயாளி "என்னம்மா தெரியுது?" என்று கெஞ்சுவார். "டாக்டர் சொல்லுவாங்க" என்று முகத்தில் எதையும் காட்டாமல் சொல்லி அனுப்ப வேண்டும். இத்தனை வருஷமாக அப்படிச் சொல்லிச் சொல்லியே, பார்ப்பது ஒன்று, சொல்வது ஒன்று என்று அவள் பழகிப்போயிருந்தாள்.

"நான் எப்படி டாக்டர்…" என்று இழுத்தாள்.

"என் மச்சினி பேசுவா," என்றார் அத்தான், முதுகை நிமிர்த்திக்கொண்டு. "அவ கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போகாது. நான் சொல்றேன், பாருங்க."

அத்தானே சொல்லிவிட்ட பிறகு மறுக்க முடியுமா?

அந்த மாதம் முழுக்க அவள் நடக்கும்போதும் சமைக்கும்போதும் அதையே யோசித்தாள். தப்பு கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்காரர் தினமும் சாப்பாட்டில் அதைத்தான் செய்கிறார். அதனால் சமையல் ஒன்றும் தேறிவிடவில்லை. எடுத்தவன் அடுத்த தடவை கேமராவைத் தூக்கும்போது ஞாபகம் வருகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டம்.

கூட்ட நாள் வந்தது. முதல் படம் ஒரு மலைப்பாதை, பனிமூட்டத்துக்குள் வளைந்து மறைவது. விடியற்காலையில் எழுந்து நடமாடுகிறவர் குழுவில் பேக்கரிக்காரர் ஒருவர்தான்; பேர் எழுதாவிட்டாலும் யார் படம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எக்ஸ்ரேம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"முதல்ல என் கண்ணு இந்த வளைவுக்குப் போச்சு," என்றாள். "ரோடு பனிக்குள்ள போய்க் காணாமப் போற இடம். அங்கேயே கொஞ்ச நேரம் நின்னுடுச்சு. அவ்வளவு நல்லாருக்கு. அப்புறம் இந்த ஓரத்துல விளக்குக் கம்பம். அதைப் பார்த்தப்புறம் கண்ணு அதை விட்டு நகரவே மாட்டேங்குது. இன்னும் ரெண்டு எட்டு முன்னால போயிருந்தா கம்பம் வெளியே போயிருக்கும். வளைவும் பெரிசாத் தெரிஞ்சிருக்கும்."

பேக்கரிக்காரர் எழுந்து திரைக்குக் கிட்டே வந்தார். கம்பத்தைத் தன் உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தார். கையை எடுத்தார். மறுபடி மறைத்தார்.

"அட ஆமா! நான் அன்னிக்கு இந்தக் கம்பத்தைப் பார்க்கவே இல்லம்மா. சத்தியமா பார்க்கலை!"

அடுத்து நூலகரின் பறவை. ஒரு மீன்கொத்தி, இறகு ஒவ்வொன்றும் எண்ணலாம் போல அத்தனை துல்லியம். ஆனால் அதன் அலகு படத்தின் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. "அது எங்க பார்க்குதோ அந்தப் பக்கம் அதுக்குக் கொஞ்சம் இடம் விடுங்க," என்றாள் அவள். "இப்போ பாவம், சுவத்தைப் பார்த்து நிக்க வச்ச பிள்ளை மாதிரி இருக்கு." நூலகர் வாய்விட்டுச் சிரித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அவளுக்குத் தன் குரலே புதிதாகக் கேட்டது. இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்ததெல்லாம் இவ்வளவு சுலபமாக வெளியே வருமா? கடைசி வரிசையில் அத்தான் பக்கத்து ஆளிடம், "நான் சொன்னேன்ல?" என்று கண்ணைக் காட்டுவது தெரிந்தது. அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது.

பல் டாக்டர் அடுத்த படத்தைத் தட்டினார். அறை முழுக்க ஆரஞ்சு வெளிச்சம் பரவியது.

ஏரி. மரம். வானம்.

எல்லோரும் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்கள். பேர் எழுதவில்லை என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். கீழே மூலையில் கையெழுத்தை மட்டும் ஒரு காகிதத்தால் மறைத்தது போல் அழித்திருந்தார் அத்தான். அவர் முகத்தில் துளிக் கவலையில்லை. கண்காட்சிக்காரர்களுக்குக் கண் இல்லை. தன் மச்சினிக்கு உண்டு. அவ்வளவுதான் அவர் கணக்கு.

சூப்பர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் கம்பத்தைக் கையால் மறைத்துப் பார்த்த பேக்கரிக்காரர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு நியாயம், சொந்தக்காரருக்கு ஒரு நியாயமா?

"மரம் அருமையான மரம்," என்று ஆரம்பித்தாள். "தண்ணிக்குள்ள தனியா நிக்குது. இதைக் கண்டுபிடிச்சு நின்னவருக்கு நல்ல கண்ணு. ஆனா இந்த வலது ஓரத்துல ஒரு படகு பாதியா வந்து நிக்குது. கண்ணு மரத்துக்கும் படகுக்குமா பந்தாடுது. இடது பக்கம் கொஞ்சம் தள்ளி நின்னிருந்தா படகு மரத்துக்குப் பின்னால மறைஞ்சிருக்கும். மரத்தோட நிழலும் தண்ணியில முழுசா விழுந்திருக்கும். அப்புறம் இந்த நிறம்…"

கடைசி வரிசைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"இந்த நிறம் கம்ப்யூட்டர்ல ஏத்தினது. கொஞ்சம் ஏத்தினாப் போதும். இவ்வளவு ஏத்தினதுல மரத்தைப் பார்க்க முடியலை, நிறத்தைத்தான் பார்க்க முடியுது."

அதோடு முடிந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பேக்கரிக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "என் அடுப்பைத் திறந்தா இப்படித்தான் இருக்கும்!" என்றார்.

அறை குலுங்கியது. பல் டாக்டர்கூடச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அத்தானும் சிரித்தார், பல் மட்டும் தெரிந்தது, கால் நின்றுபோயிருந்தது. தேநீர் வருவதற்குள், "ஒரு கிளாஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு வகுப்பு எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அக்கா போன் செய்தாள்.

"என்னடி சொன்ன அவரை?"

"படத்தைத்தான்க்கா சொன்னேன்."

"படத்தைச் சொன்னா என்ன, அவரைச் சொன்னா என்ன? ராத்திரி சாப்பிடலை. காலையில எழுந்து பார்க்கிறேன், படத்தைக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாரு. கூடத்துல நுழைஞ்சா சுவர்ல பெரிய வெள்ளைக் கட்டம். யாராவது வந்தா என்ன சொல்றது?"

"நான் வந்து பேசறேன்."

"வந்து பேசு. ஆனா இங்க வராத, ஸ்கூலுக்குப் போ. வீட்டுல ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டு உட்கார்ந்தா நடுவுல நான் மாட்டிக்குவேன்."

ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் அவள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். ஒற்றை அறை. சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகளின் அட்டை. மேசை மேல் நாற்சந்தி ஒன்றைப் பெயின்டால் வரைந்து, அதில் பொம்மைக் கார்களை நிறுத்தியிருந்தார்கள். அத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க எக்ஸ்ரேம்மா," என்றார்.

அத்தான் வாயிலிருந்து மரியாதை வந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"அத்தான், ஒரு நிமிஷம் பேசணும்."

"கிளாஸ் இருக்கு. பேசணும்னா பின் சீட்டுல உட்காருங்க."

இந்த முறை உண்மையாகவே வகுப்பு இருந்தது. ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தது நடுத்தர வயதுப் பெண்மணி. தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தன. எக்ஸ்ரேம்மா பின்னால் ஏறிக்கொண்டாள். வண்டி கிளம்பியது, நின்றது, கிளம்பியது. ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் நடைபாதை மேல் ஏறித் தொப்பென்று இறங்கியது. எக்ஸ்ரேம்மாவின் தலை கூரையில் இடித்தது.

அத்தான் கத்தவில்லை. "ஓரமா நிறுத்துங்க. நல்லா நிறுத்தினீங்க," என்றார். "இப்போ திரும்பறப்ப எங்க பார்த்தீங்க?"

"முன்னால வர்ற பஸ்ஸை மாஸ்டர்."

"பஸ்ஸைப் பார்த்தது சரிதான், பார்த்தே ஆகணும். பார்த்துட்டுக் கண்ணை எடுத்துடணும். நீங்க அதுலேயே நின்னுட்டீங்க. திரும்ப அதே திருப்பத்துக்குப் போவோம். பயப்படாதீங்க, என் காலுக்கு அடியிலயும் ஒரு பிரேக் இருக்கு."

மறுபடி போனார்கள். இந்தத் தடவை சக்கரம் ஏறவில்லை. அந்தப் பெண்மணியின் தோள் காதிலிருந்து கொஞ்சம் இறங்கியது. பின் சீட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சினிக்கு அத்தான் மேல் இருந்த வருத்தமெல்லாம் போய், எப்பேர்ப்பட்ட ஆள் இவர் என்று நெஞ்சு நிறைந்துபோனது. வீட்டுக் கூடத்தில் காலாட்டிக்கொண்டு பெருமை பேசுகிறவரை அவளுக்குத் தெரியும். இந்த மனுஷரை அவள் பார்த்ததே இல்லை.

பெண்மணி இறங்கிப் போனதும் அத்தான் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"பார்த்தியா? ரோட்டோரத்துல நின்னு 'அங்க தப்பு, இங்க தப்பு'ன்னு நான் சொல்லியிருந்தா அந்தம்மா நாளைக்கு வருவாங்களா? நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்றேன். நீ எங்க நின்னு சொன்ன?"

அவள் பின் சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இடது பக்கம் தள்ளி நின்னிருக்கலாம்னியே. அந்த ஏரிக்கு நீ போயிருக்கியா? இடது பக்கம் என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"சேறு! முழங்கால் வரைக்கும் சேறு!"

அது அவளுக்குச் சுருக்கென்றது. படத்தின் நாலு ஓரத்துக்குள்ளே நின்றுகொண்டு ஓரத்துக்கு வெளியே இருப்பதற்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் அவள் சொன்னது பொய்யில்லை. அவர் வேதனைப்படுகிறார் என்பதற்காக அதைத் திரும்ப வாங்கிக்கொண்டால், கூட்டத்தில் பேசின மற்ற வார்த்தைகளுக்கும் மதிப்பில்லாமல் போய்விடும்.

"சேறு இருக்கிறது எனக்குத் தெரியலை அத்தான், அது தப்புதான். எல்லாரும் சிரிச்சது எனக்கும் கஷ்டமா இருந்துச்சு. ஆனா படகு பாதியாத்தான் நிக்குது. அது அங்க போகாமலே தெரியுது."

அத்தான் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையில வா," என்றார் கடைசியில். "வந்து நின்னு காட்டு."

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் மூன்று பேரும் ஏரிக்கரையில் நின்றார்கள். அக்காவை யாரும் கூப்பிடவில்லை, "நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா விலக்கிவிட ஆள் வேணாமா?" என்று பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அவளே வண்டியில் ஏறிவிட்டாள். வானம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஆரஞ்சு எங்கேயும் இல்லை. தண்ணீருக்குள் அந்த மரம் மட்டும் அப்படியே நின்றது. படத்தில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மரம்தான், ஆனால் நேரில் பார்த்ததும் அவள் கரை ஓரத்துக்கே போய் நின்றாள். கிளையின் நுனி ஒவ்வொன்றும் மையில் தோய்த்து எழுதின மாதிரி இருந்தது.

"இங்கதான் நின்னேன்," என்று அத்தான் ஒரு கல்லைக் காட்டினார். அதன் மேல் ஏறிப் பார்த்தாள். படகு அதே ஓரத்தில், அதே பாதியாக. யாரோ கைவிட்டுப்போன படகு; பக்கத்தில் போய்ப் பார்த்தால் அடியில் ஓட்டை இருக்கும் போலிருந்தது.

"சொன்னேன்ல சேறுன்னு. இப்போ எங்க நிப்ப?"

அவள் செருப்பைக் கழற்றினாள். சுடிதாரின் காலை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள். இடது பக்கம் இறங்கினாள். முதல் அடியில் கணுக்கால், இரண்டாவது அடியில் முழங்கால். சேறு சில்லென்று பிடித்து இழுத்தது. அக்கா கரையிலிருந்து, "அடியே, உனக்கென்ன பைத்தியமா!" என்று கத்தினாள்.

சேற்றில் ஆடிக்கொண்டே அவள் நிமிர்ந்து பார்த்தாள். படகு நகர்ந்து நகர்ந்து மரத்துக்குப் பின்னால் போய், இல்லாமலே போய்விட்டது. மரத்தின் நிழல் அடி முதல் நுனி வரை தண்ணீரில் கிடந்தது.

"அத்தான்!" என்றாள். "வாங்க. வந்து பாருங்க."

அத்தான் பேன்டைச் சுருட்டினார். அவர் கனத்த ஆள். ஒவ்வோர் அடிக்கும் சேறு அவரை விழுங்கிவிட்டுத் துப்பியது. கேமராவை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் மச்சினியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். பார்த்தார்.

"ஆனா வெறும் சாம்பலா இருக்கே," என்றார் பிறகு, குரல் இறங்கி. "அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு. வீட்டுல போய்ப் பார்த்தா சப்புன்னு இருந்துச்சு. அதான் நிறத்தை ஏத்தினேன்."

"சாம்பல்தான் நல்லாருக்கு," என்று கரையிலிருந்து குரல் வந்தது. அக்கா பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "எனக்கு அந்த ஆரஞ்சு எப்பவுமே பிடிக்கலை. கூடத்துல உட்கார்ந்தா கண்ணு கூசும்."

அத்தான் சேற்றில் நின்றபடியே அக்கா பக்கம் திரும்ப முயன்றார். விழாமல் இருந்தது மச்சினி பிடித்ததால்தான். "இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே நீ!"

"நீங்க கேட்கலையே."

"தினமும் கேட்டேனே! நல்லாருக்கான்னு கேட்டேனே!"

"நல்லாருக்கான்னு கேட்டா நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. எப்படி இருக்குன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அத்தான் மரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு அந்த ஏரியே அதிரும்படி சிரிக்க ஆரம்பித்தார். சேற்றில் நின்றுகொண்டு சிரித்தால் இன்னும் உள்ளே இறங்கும் என்பது தெரிந்தும் அவரால் நிறுத்த முடியவில்லை. மச்சினியும் சிரித்தாள். கரையில் அக்கா, "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தேநீரைத் தானே குடித்தாள்.

காற்று வீசிக்கொண்டிருந்தது. தண்ணீர் நடுங்கி மரத்தின் நிழலைக் கலைத்துக்கொண்டே இருந்தது. இருவரும் காத்திருந்தார்கள். கால் மரத்துப்போனது. பிறகு, யாரோ விசிறியை நிறுத்தின மாதிரி காற்று நின்றது. தண்ணீர் கண்ணாடியானது.

அத்தான் கேமராவைக் கண்ணில் வைத்தார். சேறு அவரை ஒரு பக்கமாகச் சாய்த்தது. அவள் அவருடைய முழங்கையைத் தன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் தினம் தினம் சொல்கிற வார்த்தை தன்னால் வாயில் வந்தது.

"மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. அசையாதீங்க."

கிளிக்.

"இப்போ விடலாம்."

அன்று அவள் தன் கேமராவை உறையிலிருந்து எடுக்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டிய முறை அத்தானுக்கு வந்தது. அவருடைய புதுப் படத்தைப் பல் டாக்டர் முதலிலேயே போட்டுவிட்டு, அதைப் பற்றித் தானே பேசுவதாகச் சொன்னார். ஆனால் அவர் பேச ஆரம்பிப்பதற்குள் எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சாம்பல் வானம், சாம்பல் தண்ணீர், நடுவில் கறுப்பாக ஒரு மரமும் அதன் தலைகீழ் மரமும். பேக்கரிக்காரர் எழுந்தார். "மாஸ்டர், அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்," என்றார். "இதை எடுத்தவரோட ஒரு நாள் நானும் ஏரிக்கு வரணும்னு ஆசை." அத்தான் கையை நீட்டி அவர் கையைக் குலுக்கினார்.

பிறகு மற்றவர்களின் படங்களுக்கு அத்தான் எழுந்தார். ஒவ்வொரு படத்துக்கும், டிரைவிங் கற்க வந்தவர்களிடம் கேட்பது போலவே, "எங்க நின்னீங்க? அப்போ காலுக்கு அடியில என்ன இருந்துச்சு? திரும்பிப் பார்த்தீங்களா?" என்று கேட்டுக் கேட்டுப் பேசினார். மச்சினியின் படம் வந்தது. நாணல் புதர், நேர்த்தியான வரிசை, நேர்த்தியான வெளிச்சம். அவர் அதைப் பார்த்தார்.

"எல்லாமே சரியா இருக்கு," என்றார். "ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா இதை எடுத்தவங்க ஒரு சுவத்துக்குப் பின்னால நின்னு எடுத்த மாதிரி இருக்கு. தூரமா, பத்திரமா. இன்னும் கிட்டப் போங்க. நாணல் கையைக் கிழிச்சாலும் பரவாயில்ல. உங்களுக்குச் சேறு பயமில்லன்னு எனக்குத் தெரியும்."

எக்ஸ்ரே எடுக்கும்போது அவள் தினமும் தடுப்புச் சுவருக்குப் பின்னால்தான் நிற்கிறாள். அது அத்தானுக்கு ஞாபகம் இருந்ததோ இல்லையோ, அந்த வார்த்தை நேராகப் போய் உள்ளே இறங்கியது. கன்னம் சூடானது. வலித்தது. வலித்த இடத்திலேயே ஒரு சந்தோஷமும் இருந்தது. இவ்வளவு உன்னிப்பாக யாரும் இதுவரை அவள் படத்தைப் பார்த்ததில்லை. தன்னை இந்த அறைக்குள் கூட்டிவந்த மனுஷர், தான் சொன்னதைக் கேட்டுச் சேற்றில் இறங்கிய மனுஷர், இப்போது எல்லோருக்கும் முன்னால் நின்று தனக்கு வழி சொல்கிறார். பக்கத்தில் இருந்த நூலகரிடம், "எங்க அத்தான்," என்றாள், அவருக்குத் தெரியாதது போல.

அடுத்த வருஷக் கண்காட்சியில் அவர்கள் குழுவுக்குச் சுவரில் இடம் கிடைத்தது. கம்பம் இல்லாத மலைப்பாதை, பறந்துபோக இடம் விட்ட ஒரு மீன்கொத்தி, அத்தானின் மரம். எக்ஸ்ரேம்மாவின் நாணல் திரும்பி வந்துவிட்டது. அவள் அதைப் பற்றி ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டாள், பிறகு விட்டுவிட்டாள். திறப்பு நாளன்று ஆஸ்பத்திரியில் லீவு போட்டுவிட்டு, இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு அக்காவோடு வந்தாள்.

நகர மன்றத்தின் பெரிய கூடம். ஜனம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அத்தான் தன் படத்துக்குப் பக்கத்தில், எடுத்தவர் என்று காட்டிக்கொள்ளாமல், ஆனால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவளும் அக்காவும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள்.

முன்பின் தெரியாத ஒரு பெண் அந்தப் படத்தின் முன்னால் வந்து நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். தன்னோடு வந்தவரிடம், "ரொம்ப நல்லாருக்கு. ஆனா மேல வானம் கொஞ்சம் அதிகமோ?" என்றாள்.

அக்கா மச்சினியின், அதாவது தன் தங்கையின், கையைக் கெட்டியாகப் பிடித்தாள். "போச்சுடி," என்றாள் மெதுவாக.

அத்தான் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். ஓர் அடி முன்னால் வந்தார்.

"எவ்வளவு அதிகம்னு தோணுது?" என்று கேட்டார். "கொஞ்சம் கையை வச்சுக் காட்டுங்களேன்."

அந்தப் பெண் திகைத்துப்போய்க் கையைத் தூக்கி, படத்தில் படாமல், வானத்தின் மேல்பகுதியை மறைத்துக் காட்டினாள். அத்தான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம் கீழ… அங்கதான், அங்கதான்," என்றார். இருவரும் படத்தின் முன்னால் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு ஏதோ பேச ஆரம்பித்துவிட்டார்கள். பின்னால் கூட்டம் சேர்ந்து வழி மறித்தது, அவர் கவனிக்கவே இல்லை.

"யாருடி அவ? ரொம்ப நாள் பழகின மாதிரி பேசறாரு," என்றாள் அக்கா.

தங்கை அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் தன் படம் தொங்கியிருந்தால்கூட இந்த அளவுக்கு நிமிர்ந்து நின்றிருப்போமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"வாக்கா," என்றாள். "நாமும் போய்ப் பார்ப்போம். அந்தம்மா சொல்றது சரியான்னு."